ஒட்டியிருந்த இரண்டு தாள்கள்

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. கோயமுத்தூரில் ஓர் அரசாங்க அலுவலகத்தின் பின்பக்கம், பழைய ரிஜிஸ்டர்களை அடுக்கி வைத்திருக்கும் நீளமான அறை ஒன்று இருந்தது. அந்த ரிஜிஸ்டர்களை எல்லாம் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையை ஒரு கம்பெனி கான்ட்ராக்ட் எடுத்திருந்தது. அதில் நானும் இரண்டு வருடம் வேலை பார்த்தேன்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். கம்ப்யூட்டர் வேலையில் எனக்கு என்ன சோலி என்று என் மகனே கேட்டான். மிஷினைத் தொடுவது எல்லாம் படித்த பிள்ளைகள்தான். என் வேலை பக்கம் புரட்டுவது. மேலே கேமரா தொங்கும். கீழே சாய்வான பலகையில் ரிஜிஸ்டரை விரித்து வைத்துவிட்டு நான் ஒரு பக்கம் நிற்பேன். எதிரே ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். கண்ணாடி இறங்கும், அவள் காலால் பெடலை அமுக்குவாள், ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும், கண்ணாடி ஏறும். அது மறுபடி இறங்குவதற்குள் நான் அடுத்த தாளைப் புரட்டிவிட வேண்டும். காலையில் ஒன்பதரையிலிருந்து சாயந்திரம் ஐந்து வரைக்கும் இதுதான். புரட்டு, டிக், புரட்டு, டிக். ராத்திரி படுத்தால் கூட விரல் தானாக மடங்கி மடங்கி விரியும்.

நின்றுகொண்டே செய்கிற வேலை. முழங்கால் விட்டுப் போகும். அந்துருண்டை வாசமும் தூசியும் மூக்கில் ஏறி, மாஸ்க் போட்டாலும் தும்மல் நிற்காது. ஆனால் அந்த வேலைக்கு என்னை எடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதற்கு முன்னால் இருபத்தாறு வருடம் நான் நூல் மில்லில், நூலைக் கோனில் சுற்றுகிற கோன் வைண்டிங் பிரிவில் இருந்தவள். ஓடுகிற நூலில் ஒரு சின்ன முடிச்சு வந்தாலும், பார்க்காமலே விரலில் தெரிந்துவிடும். தாளும் எனக்கு அப்படித்தான். எழுத்தைக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் தாள் ஒன்றா இரண்டா, ஈரமா காய்ந்ததா, தொட்டால் உடைகிறதா மடிகிறதா என்று கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சொல்லிவிடும்.

நான் யாரிடமும் அதிகம் பேச மாட்டேன். சின்ன வயதிலிருந்தே அப்படி. அந்த அறையில் பதினாறு பேர் இருந்தோம். நான் வாயைத் திறந்து பேசியது என் ஜோடியாக இருந்த பெடல் பெண்ணிடம் மட்டும்தான். அவளுக்கு முப்பது வயது இருக்கும். என்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவாள்.

அந்த வேலையில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. பழைய காலத்துக் குமாஸ்தாக்கள் கிழிந்த தாளுக்கு மைதாப் பசை தடவி ஒட்டுப் போட்டிருப்பார்கள். பசை வழிந்து அடுத்த தாளும் சேர்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படி இரண்டு தாள் ஒட்டியிருந்தால் புரட்டக் கூடாது. அந்த இடத்தில் ஒரு மஞ்சள் சீட்டை வைத்து ரிஜிஸ்டரை ஓரமாக எடுத்து வைத்துவிட வேண்டும். சனிக்கிழமை உட்கார்ந்து அவற்றைப் பிரிக்கிற வேலையும் என்னுடையதுதான். ஈரத் துணியை நன்றாகப் பிழிந்து, மையொற்றுக் காகிதத்துக்கு மேல் வைத்து, ஈரம் பட்டும் படாமலும் தாளுக்குள் இறங்கும் வரை காத்திருக்க வேண்டும். பிறகு பழைய எக்ஸ்ரே பிலிமில் வெட்டின மெல்லிய பட்டையை உள்ளே நுழைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நகர்த்த வேண்டும். அவசரப்பட்டால் எழுத்தோடு தாளின் தோல் உரிந்து வந்துவிடும். ஒரு இடத்துக்கு ஒரு மணி நேரம் கூட ஆகும்.

ஒவ்வொரு ஜோடியும் ஒரு நாளைக்கு இத்தனை பக்கம் முடிக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. மஞ்சள் சீட்டு வைத்த ரிஜிஸ்டர் அன்றைய கணக்கில் சேராது. அங்கேதான் நான் சறுக்கினேன்.

அது ஐப்பசி மாதம். விடாத மழை. காலையில் ஒன்றரை மணி நேரம் கரண்ட் இல்லை. ஏற்கெனவே இரண்டு நாளாக எங்கள் ஜோடி கணக்குக் குறைந்திருந்தது. மூன்றாவது நாளும் குறைந்தால் ஜோடியைப் பிரித்து, பெடல் பெண்ணை வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. அவளுடைய பிள்ளைக்குக் காய்ச்சல். ஐந்து மணிக்கு உக்கடம் போய் பஸ் பிடித்தாக வேண்டும் என்று மத்தியானத்திலிருந்தே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலரை மணிக்கு எங்கள் கையில் இருந்தது நீல முதுகுத் துணி போட்ட ஒரு ரிஜிஸ்டர். தாள்களின் மேல் மூலையைப் பூச்சி அரை வட்டமாகத் தின்றிருந்தது. பக்க எண் இருக்க வேண்டிய இடத்தில் எண்ணே இல்லை. முடிய இன்னும் கொஞ்சம் தாள்கள்தான் பாக்கி.

அப்போதுதான் விரலில் தட்டியது. இரண்டு தாள். எனக்குச் சந்தேகமே இல்லை. நூலில் முடிச்சு தெரிகிற மாதிரித் தெரிந்தது.

ஒரு நொடி கை நின்றது. அவளும் கவனித்துவிட்டாள்.

“பெரியம்மா, இது ரெண்டாட்டம் இருக்குதுங்களே?”

“இல்ல கண்ணு. ஒட்டுப் போட்ட தாளு. அதான் தடிப்பா இருக்குது.”

“அப்பச் சரிங்க.” டிக்.

ஐந்து மணிக்கு ரிஜிஸ்டர் முடிந்தது. கணக்கும் சேர்ந்தது. அவள் குடையைக் கூட விரிக்காமல் ஓடினாள். எனக்கு இடுப்பு ஒடிகிற மாதிரி இருந்தது. தப்புச் செய்துவிட்டோம் என்கிற நினைப்பை விட, வீட்டுக்குப் போய்க் காலை நீட்ட வேண்டும் என்கிற நினைப்புத்தான் பெரிதாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன். அடுத்த வாரமே அதை மறந்தும் போனேன்.

நாலு மாதம் கழித்து, மாசி மாதத்தில் ஒரு புதன்கிழமை. மத்தியானம் குழாயடிப் பக்கம் இருந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தேன். பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். பிளாஸ்டிக் கவரில் காகிதங்களைச் சுருட்டி மடியில் வைத்திருந்தாள்.

“ஏனுங்க்கா, இந்தக் கொழாயித் தண்ணி குடிக்கலாமுங்களா?”

“வேண்டாம் அம்மிணி. என்ற பாட்டல்ல குடி.”

வாங்கிக் குடித்தாள். அவள் விரல்கள் எல்லாம் நகக் கண் வரைக்கும் கருத்துக் கிடந்தன. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவளே சிரித்தாள்.

“பாக்கு உரிக்கறனுங்க, மேட்டுப்பாளையத்துல மண்டீல. எந்தச் சோப்புப் போட்டாலும் போகாதுங்க. என்ற பேத்தி நான் ஊட்டுனா உங்கறதில்லீங்க. கரியப் பூசிட்டு வந்திருக்கேங்கறா.”

“இங்க எதுக்கு வந்தே?”

“மூணாந் தபா வர்றனுங்க. மொதத் தபா வெள்ளிக்கெழம வாங்கன்னாங்க. ரெண்டாந் தபா ஆபீசர் லீவுன்னாங்க. இன்னைக்கு எங்கப்பனே இல்லீன்னு சொல்லிப்போட்டாங்க.” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லி முடித்ததும் சிரிப்பு நின்றுபோனது.

தான் கொண்டு வந்த பொட்டலத்தைப் பிரித்து, சோற்றைப் பிசைந்துகொண்டே விவரத்தைச் சொன்னாள். அவள் அப்பா தோட்டத்துக் கூலி வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் அரசாங்கம் அவர்கள் ஊரில் நிலம் இல்லாதவர்களுக்கு வீட்டு மனை பிரித்துக் கொடுத்திருக்கிறது. அதில் ஒன்று அவருக்கு. கையில் இருந்த காகிதம் ஓலைக் கூரையில் சொருகி வைத்திருந்து மழையில் கரைந்துபோனது. இப்போது அந்த மனைகள் வழியாகப் புது ரோடு வருகிறது. பழைய பட்டியலில் பெயர் இருப்பவர்களுக்கு மட்டும் வேறு இடத்தில் வீடு. பெயர் இல்லாவிட்டால் புறம்போக்கில் குடியிருந்தவர் என்று காலி செய்யச் சொல்லிவிடுவார்கள். இன்னும் பதினைந்து நாளில் பட்டியலை முடிக்கிறார்கள்.

“கம்ப்யூட்டர்ல தேடிப் பாத்துட்டாங்கக்கா. எங்க ஊருப் புக்கு இருக்குதாமா. எங்கப்பன் பேரு மட்டும் இல்லியாமா. அப்ப நான் பொறந்த ஊடு யாரு ஊடுங்க?”

“எந்த ஊரு அம்மிணி?” என்று கேட்டேன்.

அவள் ஊர் பெயரைச் சொன்னாள்.

அந்தப் பெயரை நான் எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறேன். நீல முதுகுத் துணிக்கு மேல் ஒட்டியிருந்த சீட்டில் இருந்தது. பூச்சி தின்ற அரை வட்டம், மழைச் சத்தம், கடிகாரத்தைப் பார்க்கும் பெடல் பெண்ணின் முகம், விரலில் தட்டின இரண்டு தாள் எல்லாம் ஒன்றாகத் திரும்பி வந்தன.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். என் பாட்டில் அவள் கையில்தான் இருந்தது. “உங்கப்பா பேரு எங்கயும் போகல, நான்தான் புரட்டாம விட்டுட்டேன்” என்று ஒரே ஒரு வாக்கியம். நான் சொல்லவில்லை. பெட்டியை மூடிக்கொண்டு எழுந்தேன்.

“வெத்தல போடுவீங்களாக்கா?” என்று கேட்டு, முந்தானை முடிச்சிலிருந்து ஒரு கை பாக்கை எடுத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. இருந்தாலும் வேண்டாம் என்று சொல்ல முடியாமல் வாங்கிக்கொண்டேன். அது என் பையிலேயே கிடந்தது. பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் கையை விட்டால் பாக்குத்தான் தட்டும்.

மறுநாள் பெடல் பெண்ணிடம் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது.

“அன்னைக்கு நான் கேட்டனுங்களே பெரியம்மா! உங்க வாய நம்பித்தான நான் கால வெச்சேன்?”

பிறகு அவளே பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள். “பேசாம இருந்துக்குங்க. மூலைல நம்பரே இல்ல, மனை நம்பரும் முன்னப் பின்னத்தான் எழுதியிருக்குது. ஆராலும் கண்டுபுடிக்க முடியாது. அதுவுமில்லாம அந்தத் தாள்ல அவங்கப்பா பேரு இருக்குதுன்னு என்ன நிச்சயம்? வெறுந்தாளாக் கூட இருக்கலாமுங்க.”

அவள் சொன்னது நிஜம்தான். வெறும் தாளாக இருக்கலாம். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள் நாலு நாளை ஓட்டினேன். புரட்டு, டிக். ஆனால் கை முன்னே மாதிரி ஓடவில்லை. ஒவ்வொரு தாளையும் இரண்டு தடவை தேய்த்துப் பார்த்தேன். கணக்குக் குறைந்தது. ஸ்கேன் முடிந்த ரிஜிஸ்டர்களை எல்லாம் பெட்டியில் போட்டு சீல் வைத்து அறையின் கோடியில் அடுக்கியிருந்தார்கள். வருகிற வெள்ளிக்கிழமை லாரி வந்து எல்லாவற்றையும் வேறு ஊர் குடோனுக்கு ஏற்றிப் போகிறது என்று பேசிக்கொண்டார்கள். போய்விட்டால் அப்புறம் ஒரு பெட்டியைத் தேடி எடுப்பது ஆகாத காரியம். வெள்ளிக்கிழமை வரை பொறுத்துக்கொண்டால் என் தப்பும் அந்த லாரியிலேயே ஏறிப் போய்விடும். அப்படியும் நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை சூப்பர்வைசர் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன். அவருக்கு என் மகன் வயதுதான். வேலையில் சேர்ந்த பிறகு அவர் முன்னால் நானாகப் போய் நின்றது அதுதான் முதல் தடவை.

“என்னங்கம்மா, லீவுங்களா? வெள்ளிக்கெழமை மட்டும் கேக்காதீங்க, லாரி வருது.”

“லீவு இல்லீங்க. ஒரு தப்புப் பண்ணிப்போட்டேனுங்க.”

முழுவதும் சொன்னேன். எதிரே இருந்தவள் கேட்டாள், நான்தான் இல்லை என்று பொய் சொன்னேன், அவள் மேல் தப்பு இல்லை என்பதையும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

“தெரியாமப் புரட்டிட்டேன்னு சொல்லுங்கம்மா. உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது.”

“தெரியாமப் புரட்டுனவளுக்கு எந்தப் புக்கு, எந்த எடம்னு எப்படிங்க தெரியும்?”

நான் எதிர்த்துப் பேசவில்லை. எனக்கு உண்மையாகவே அந்தச் சந்தேகம் வந்தது, கேட்டேன். சீல் வைத்த பெட்டியைப் பிரிக்க வேண்டுமென்றால் ஆவண அறைப் பொறுப்பில் இருக்கும் மேடம் கையெழுத்துப் போட வேண்டும். என்ன காரணத்துக்காகப் பிரிக்கிறோம் என்று எழுத்தில் வேண்டும். இந்த ரிஜிஸ்டர், இந்த இடம் என்று குறிப்பாகச் சொன்னால்தான் முடியும். தெரியாமல் என்று எழுதினால் பெட்டி திறக்காது. தெரிந்தே என்று எழுதினால் என் வேலை நிலைக்காது. அதுதான் நிலைமை.

“எழுதத் தெரியுமுங்களா?” என்றார்.

“தெரியுமுங்க.”

பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு கையெழுத்தும் ரேஷன் கடை மனுவும் தவிர நான் ஒன்றும் எழுதியதில்லை. ஏழு வரி எழுத முக்கால் மணி நேரம் ஆனது. ‘இரண்டு தாள் என்று என் விரலுக்குத் தெரியும். நேரம் ஆகிவிட்டது என்று தெரிந்தே ஒன்றாகப் புரட்டினேன். கடைசியிலிருந்து முப்பது தாளுக்குள் இருக்கும்’ என்று எழுதினேன். மேடம் அதை இரண்டு தடவை படித்தார்.

“இத நீங்களேதான் எழுதினீங்களா?”

“ஆமாங்க.”

மேடம் கீழே கையெழுத்துப் போட்டு, பெட்டியை வியாழக்கிழமை திறக்கச் சொன்னார். அந்தப் பாக்கு மண்டிப் பெண் கொடுத்திருந்த மனுவில் இருந்த நம்பருக்குப் போன் செய்து அவளையும் வரச் சொன்னார்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குப் பெட்டியைத் திறந்தார்கள். அது அடுக்கில் அடிப்பெட்டி. மழைக்காலம் முழுக்க மேலே ஒன்பது பெட்டிப் பாரத்தைச் சுமந்துகொண்டு ஈரச் சுவர் ஓரமாகக் கிடந்திருக்கிறது. நீல முதுகு ரிஜிஸ்டரை எடுத்து மேஜையில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கடைசியிலிருந்து தாள்களைத் தடவிக்கொண்டே வந்தேன். பதினெட்டாவது தாளில் விரல் நின்றது. ஐப்பசியில் இருந்ததை விட அது இறுகிப் போயிருந்தது. அன்றைக்கு ஓரத்தில் லேசாக விட்டுக்கொடுத்த தாள், இப்போது அட்டை மாதிரி ஆகியிருந்தது.

அவள் வந்திருந்தாள். எதற்குக் கூப்பிட்டார்கள் என்று யாரும் அவளுக்கு விளக்கமாகச் சொல்லவில்லை போல. என்னைப் பார்த்ததும் “ஏனுங்க்கா, நீங்க இங்கதான் இருக்கறீங்களா?” என்று சந்தோஷமாகக் கேட்டாள். நான் தலையை ஆட்டிவிட்டுக் குனிந்துகொண்டேன்.

ஈரத் துணி, மையொற்று, காத்திருப்பு. மறுபடி துணி, மறுபடி காத்திருப்பு. எக்ஸ்ரே பட்டையை ஒரு நூல் அளவு உள்ளே விட்டால் அரை நூல் அளவு வழிவிடும். சாப்பிடப் போகவில்லை. மேடம் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். சூப்பர்வைசர் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டரை மணிக்கு மேல் தாளின் முக்கால் பாகம் பிரிந்தது. மெல்ல விரித்தேன்.

வெறும் தாள் இல்லை. இரண்டு பக்கமும் பெயர்கள். மனை எண், பெயர், தகப்பனார் பெயர், கீழே கைநாட்டு. நெருக்கமாக எழுதின கறுப்பு மை, நேற்று எழுதினது போலப் பளிச்சென்று இருந்தது. வெளிச்சமே படாமல் இருந்ததால் நிறம் போகவில்லை என்று சூப்பர்வைசர் சொன்னார்.

அவள் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். அவளுக்கும் எழுத்துக் கூட்டித்தான் வரும் போல, உதடு அசைந்துகொண்டே வந்தது. ஐந்தாவது வரியில் நின்றது. அவள் அப்பா பெயர். பக்கத்தில் அவருடைய கட்டை விரல் ரேகை. அவள் கருத்த கையை நீட்டினாள். பாதியில் நிறுத்தி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“என்ற கைக் கறை ஒட்டிக்குமுங்க” என்றாள். அழவில்லை. அந்தக் கைநாட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மீதி இருந்தது கீழ் ஓரத்தில் மூன்று விரற்கடை. பசை அங்கேதான் கொட்டியிருந்தது. எவ்வளவு ஈரம் கொடுத்தும் இறங்கவில்லை. பட்டையை நகர்த்தும்போது விரலில் தெரிந்துவிட்டது, வேண்டாம் என்று. நிறுத்துவதற்குள் தாளின் தோல் உரிந்து வந்துவிட்டது. ஒரு வரி. மனை எண் தப்பித்தது. பெயர் இருந்த இடம் பஞ்சு மாதிரி பொங்கிக்கொண்டு நின்றது. எதிர்த் தாளில் மை ஒட்டியிருக்குமா என்று லென்ஸ் வைத்துப் பார்த்தார்கள். கறுப்புத் திட்டாக ஏதோ தெரிந்தது. யாராலும் படிக்க முடியவில்லை.

ஐப்பசி மாதத்திலேயே சனிக்கிழமை உட்கார்ந்து பிரித்திருந்தால் அது வந்திருக்கும். எட்டு மாதிரி வளைந்து நிற்கிற அந்த மனை எண்ணையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அது எங்கூட்டுக்கு அடுத்த மனைங்க” என்றாள் அவள். “ஒரு அக்கா தனியா இருந்தாங்க. புருசன் இல்ல. எனக்குப் பத்து வயசு இருக்கறப்ப கைப்புள்ளயத் தூக்கிட்டுத் திருப்பூர்ப் பக்கம் போனவங்க, அப்புறம் வரவே இல்லீங்க.”

“அவங்க பேரு என்னங்க?” என்று மேடம் கேட்டார்.

அவள் யோசித்துப் பார்த்தாள். “தெரியலீங்களே. எங்கம்மா அக்கான்னு கூப்புடுவா, நாங்களும் அக்கான்னுதான் கூப்புடுவோம். ஆரும் பேரு சொல்லிக் கூப்புட்டுக் கேட்டதில்லீங்க.”

எல்லோரும் நகர்ந்த பிறகு நான் அவளிடம் போனேன். அதைச் சொல்லாமல் விட்டால் செவ்வாய்க்கிழமை எழுதிக் கொடுத்த கடிதத்துக்கு அர்த்தமே இல்லை என்று தோன்றியது.

“அம்மிணி, இதப் புரட்டாம உட்டது நான்தான். போன வாரம் புதன்கெழமை நீ பக்கத்துல உக்காந்து சோறு உங்கறப்பவே எனக்குத் தெரியும்.”

அவள் முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்தது. முகத்தில் இருந்த சந்தோஷம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது.

“எட்டு நாளு ஆச்சுங்களேக்கா” என்றாள். “எட்டு நாளும் எங்கூட்டுல அடுப்புப் பத்தலீங்க.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் காகிதக் கவரைச் சுருட்டி இடுப்பில் சொருகிக்கொண்டாள். வாசல் வரை போனவள் திரும்பி, “வாரனுங்க்கா” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். எங்கள் பக்கத்தில் கோபம் இருந்தாலும் சொல்லாமல் போக மாட்டார்கள். அந்த ஒரு வார்த்தை அன்றைக்கு எனக்கு நிறைய.

அவளுக்கு வீடு கிடைத்துவிட்டது என்று பிறகு பெடல் பெண் விசாரித்துச் சொன்னாள்.

அறையில் எனக்கு நல்ல பெயர் ஒன்றும் கிடைக்கவில்லை. மூலை அரித்த ரிஜிஸ்டர்களை எல்லாம் மறுபடியும் திறந்து பார்க்க வேண்டும் என்று மேடம் உத்தரவு போட்டார். லாரி இரண்டு வாரம் தள்ளிப்போனது. ஞாயிற்றுக்கிழமை கூட எல்லோரும் வர வேண்டியதாயிற்று. “பெரியம்மா நெஞ்சுல இருந்த பாரம் எறங்கிருச்சு, நம்ம முதுகுல ஏறிருச்சு” என்று ஒருத்தி என் காதில் விழுகிற மாதிரியே சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் குனிந்துகொண்டு சிரித்தேன். அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அப்படித் திறந்து பார்த்ததில் இன்னும் மூன்று இடங்களில் தாள்கள் ஒட்டியிருந்தது தெரிந்தது. அவை தெரியாமல் விட்டவை. மூன்றையும் நானே பிரித்தேன். ஒரு எழுத்துக் கூடப் போகவில்லை.

என்னை உடனே நிறுத்தவில்லை. பக்கம் புரட்டுவதிலிருந்து எடுத்துவிட்டு, முடிந்த கட்டுகளுக்கு நாடா கட்டும் வேலையில் போட்டார்கள். அதற்கு ஒரு ஸ்டூல் கொடுத்தார்கள். கால் வலி குறைந்தது. ஆறு மாதத்தில் கான்ட்ராக்டே முடிந்து எல்லோரும் கலைந்துவிட்டோம். பெடல் பெண் ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்து, கடைசி நாள் அன்றைக்கு மட்டும் என் கையைப் பிடித்து, “உங்க விரலுக்குத் தெரியாதது ஒண்ணுமில்ல பெரியம்மா, வாய்தான் சொல்லாது” என்றாள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா, குறை என்று எடுத்துக்கொள்வதா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

பழைய காகிதத்தைக் காப்பாற்றுவது பெரிய மிஷினும் கம்ப்யூட்டரும்தான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மிஷின் தன் கண்ணுக்கு முன்னால் இருப்பதை மட்டும்தான் படம் எடுக்கிறது. முன்னால் வைப்பது என்னைப் போல முழங்கால் வலியோடு, பஸ்ஸுக்கு நேரமாகிற கவலையோடு நிற்கிற யாரோ ஒருத்தி. அவள் அன்றைக்குச் சலித்துப்போனால், ஒரு குடும்பம் இருந்ததே இல்லை என்று ஆகிவிடுகிறது.

இப்போது வீட்டில்தான் இருக்கிறேன். பேப்பரைப் பிரித்தாலும், காலண்டர் தாளைக் கிழித்தாலும் விரல் முதலில் ஓரத்தைத் தேய்த்துப் பார்க்கிறது. அந்தப் பாக்கு இன்னும் என் பழைய பைக்குள்தான் இருக்கிறது. கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் மனை எண்ணுக்கு நேராக ஒரு வெள்ளைத் திட்டு இருக்கும், பக்கத்தில் ‘பெயர் சேதமடைந்துள்ளது’ என்று சூப்பர்வைசர் சேர்த்த குறிப்பு இருக்கும். கைப்பிள்ளையோடு போன அந்த அக்காவின் பிள்ளைக்கு இப்போது ஐம்பது வயதாவது இருக்கும். என்றைக்காவது தன் அம்மா பெயரைத் தேடிக்கொண்டு வந்தால் என்ன சொல்வார்கள் என்று நினைத்துக்கொள்வேன். அந்த இரண்டு வருடத்தில் நான் புரட்டின பக்கங்களுக்குக் கணக்கே இல்லை. ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது, யாருமே படிக்க முடியாமல் போன அந்த ஒரு வரிதான்.